உயர் பிரிதிறன் நிறை நிறமாலையியல்

ஆற்று நீர், மண், கச்சா எண்ணெய், விண்கல் என எதில் கலந்திருந்தாலும், ஒரு சேர்மத்தின் நிறையைப் பல தசம இடங்கள் வரை அளந்து அது இன்னதென்று கண்டறியும் முறை இது.

கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் 1919இல் ஃபிரான்சிஸ் ஆஸ்டன் உருவாக்கிய கருவியிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. நியானில் 20, 22 என இருவகை நிறையுள்ள அணுக்கள் இருப்பதை அவர் உறுதிசெய்தார். 1922இல் நோபல் பரிசு பெற்றார். அணு நிறைகள் முழு எண்ணிலிருந்து இம்மியளவு விலகியிருப்பதைப் பின்னர் துல்லியமாக அளந்தார். அந்த விலகல்தான் இம்முறைக்கு அடிப்படை. கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன், எத்திலீன் மூன்றுக்கும் நிறை 28தான். நுட்பமாக அளந்தால் முறையே 27.9949, 28.0061, 28.0313 எனப் பிரிந்து நிற்கின்றன. இப்படி அளந்த நிறையைக் கொண்டே கரிமச் சேர்மங்களின் வாய்ப்பாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று 1950களில் பிரிட்டனின் ஜான் பெய்னன் காட்டினார்.

1974இல் கனடாவில் கொமிசரோவும் மார்ஷலும், காந்தப்புலத்தில் சுழலும் அயனிகளின் அதிர்வெண்ணிலிருந்து நிறையைக் கணக்கிட்டனர். மகரோவ் உருவாக்கிய ஆர்பிட்ராப் என்ற நிறை அளக்கும் கருவி 2005இல் விற்பனைக்கு வந்தது. 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் 14,000க்கும் மேற்பட்ட மூலக்கூறு வாய்ப்பாடுகள் இருப்பது இம்முறையால் தெரியவந்ததாக 2010இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால் வாய்ப்பாடு தெரிந்தால் மட்டும் போதாது. ஒரே வாய்ப்பாட்டில் பல சேர்மங்கள் இருக்கலாம். கருவி நின்றுவிடும் இடத்திலிருந்து வேதியியலாளரின் அறிவுதான் வழிகாட்ட வேண்டும். இதற்கு சியாட்டில் பகுதி ஓடைகளைவிட நல்ல சான்று இல்லை. முட்டையிடத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்த சில மணி நேரத்தில் நீர்ப்பரப்பில் வாய் பிளந்து, நிலைதடுமாறிச் சுற்றிச்சுற்றி நீந்தி, முட்டையிடாமலே செத்தன. பல ஆண்டுகளாகக் காரணம் புலப்படவில்லை. டயர்த் துகள் ஊறிய நீர் மீன்களைக் கொல்வது தெரிந்ததும், ஆய்வாளர்கள் அந்நீரைப் படிப்படியாகப் பிரித்து, நஞ்சுள்ள பகுதியை மட்டும் தொடர்ந்தனர். கடைசியில் எஞ்சிய சேர்மத்தின் நிறையை அளந்தபோது தெரிந்த வாய்ப்பாடு: 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். டயரில் சேர்க்கும் பொருள்களின் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. டயரில் விரிசல் விழாமல் காக்கும் 6பிபிடி என்ற சேர்மத்தில் 18 கார்பனும் 24 ஹைட்ரஜனும் 2 நைட்ரஜனும் உண்டு. அது காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து மாறியிருக்கலாம் என்று ஆய்வாளர்களில் ஒருவரான ஜென்யூ தியான் ஊகித்தார். 6பிபிடியில் ஓசோனைச் செலுத்தியபோது அதே சேர்மம் கிடைத்தது. அது மீன்களையும் கொன்றது. 6பிபிடி-குயினோன் என்ற இந்த நஞ்சு பற்றிய கட்டுரை 2020 டிசம்பரில் வெளியானது.

டயர்களில் 6பிபிடி பயன்பாட்டை ஒழுங்குபடுத்தக் கோரி யூரோக் உள்ளிட்ட மூன்று பழங்குடி இனத்தவர் அளித்த மனுவை, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டது.