இரவின் வரலாறும் மாணவர் துயிலும்

பல்கலைக்கழக விடுதிகளில் நள்ளிரவு கடந்த பின்னரும், அறைவிளக்குகள் அணைந்த இருளிற் சிறு திரைகள் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருப்பது இன்று யாவரும் அறிந்த காட்சியே. மறுநாள் விரிவுரையிற் கண்ணயரும் மாணவரை ஒழுக்கங் குன்றியவரெனக் கடிந்துரைத்தல் எளிது. ஆயின், துயிலின்மை தனிமனிதரின் குறைபாடு மட்டுந்தானா? இரவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் வைத்து நோக்கும்போதே இவ்வினாவுக்குத் தக்க விடை கிடைக்கும்.

கைத்தொழிற்புரட்சிக்கு முற்பட்ட ஐரோப்பாவில் ஒளி விலையுயர்ந்த பொருளாயிருந்தது. மெழுகுதிரியோ எண்ணெயோ தீர்ந்தவிடத்து எளிய குடும்பங்களின் இரவுப்பணியும் தீர்ந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் றொஜர் எக்கிர்ச் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நாட்குறிப்புகள், நீதிமன்றச் சாட்சியங்கள் முதலியவற்றைக் கொண்டு, அக்கால மக்கள் இரவில் இரு கட்டங்களாகத் துயின்றனர் என்றும், இடையில் விழித்துச் செபித்தும் உரையாடியும் இருந்தனர் என்றும் எடுத்துக்காட்டினார். எனினும் பழங்காலத்தைத் துயிலின் பொற்காலமெனக் கொள்ளுதல் பொருந்தாது. தன்சானியா, நமீபியா, பொலிவியா ஆகிய நாடுகளில் மின்சாரமின்றி வாழும் மூன்று சமூகங்களைப் பற்றி 2015இல் வெளிவந்த ஆய்வு, அவர்கள் இரவில் 5.7 முதல் 7.1 மணித்தியாலங்களே, பெரும்பாலும் ஒரே கட்டமாக, உறங்கினர் எனக் கண்டது. எனவே நவீன மனிதன் இழந்தது மணித்தியாலங்களை மட்டுமன்று. இரவுக்கு இயல்பாயிருந்த எல்லையையே எனலாம்.

அவ்வெல்லையை உடைத்தது ஆலைத்தொழிலாகும். 1805ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் சல்போட் நகரப் பருத்தியாலையொன்றில் நிலக்கரிவாயு விளக்குகள் பொருத்தப்பெற்றன. இலண்டனின் பெல்மெல் வீதி 1807இலேயே அவ்வொளியைக் கண்டது. பொறிகள் இரவில் வாளாவிருத்தல் உடைமையாளருக்கு நட்டமாதலின், இரவும் உழைப்பு நேரமாயிற்று. எடிசனின் மின்விளக்கும் (1879), நியூயோர்க்கில் அவர் நிறுவிய மின்நிலையமும் (1882) இப்போக்கை விரைவுபடுத்தின. எடிசன் துயிலை வீண்காலமெனக் கருதியவர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இரவின் வருகையை உடலுக்கு உணர்த்தும் மெலற்றோனின் என்னும் சுரப்பு 1958இற் பிரித்தெடுக்கப்பட்டது. பிரகாசமான ஒளி மனிதரில் அதனைக் குன்றச்செய்யும் என்பது 1980இலும், நீலவொளியே இதில் வலிமைமிக்கது என்பது 2001இலும் நிறுவப்பட்டன. 1990களில் உருவான நீல ஒளியுமிழ் இருவாயி, 2007இல் ஐபோன் வெளிவந்தபின் பெருகிய திறன்பேசிகளின் திரைகளுக்கு ஒளியூட்டலாயிற்று.

ஆயினும் பழியனைத்தையும் நீலவொளிமீது சுமத்துதல் தகாது. உறங்குமுன் நான்கு மணித்தியாலம் ஒளிரும் திரையில் நூல் வாசித்த பன்னிருவரை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், அச்சுநூல் வாசித்தபோதினும் ஏறத்தாழ 10 நிமிடமே துயில் தாமதித்தது. மெலற்றோனின் சுரத்தல் ஒன்றரை மணித்தியாலம் பின்தள்ளப்பட்டது. இவ்விளைவு சிறிதன்று, ஆயின் விடியும்வரை விழித்திருத்தலை அது மட்டும் விளக்காது. எண்ணெய் தீரும், நூலுக்கு இறுதிப்பக்கம் உண்டு. 2006இல் உருவாக்கப்பெற்ற முடிவிலா உருட்டல் முறையிலோ இறுதி என்பதே இல்லை. நெற்பிளிக்ஸ் நிறுவனத்தின் தலைவர் தம் போட்டியாளன் துயிலே என 2017இல் வெளிப்படையாகக் கூறினார். அன்று ஆலை உழைப்பை வேண்டிற்று; இன்று வணிகம் நம் கவனத்தை வேண்டுகின்றது. இரண்டுக்கும் விளைநிலம் இரவே.

இவ்வொப்புமை வழியொன்றையும் காட்டுகின்றது. எட்டு மணித்தியால உழைப்பு, எட்டு மணித்தியாலப் பொழுதுபோக்கு, எட்டு மணித்தியால ஓய்வு என்னும் கோரிக்கையை றொபேட் ஓவன் 1817இல் முன்வைத்தார். ஒரு நூற்றாண்டுப் போராட்டத்தின் பின்னரே, 1919இற் சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் முதலாவது சமவாயம் எட்டு மணித்தியால வேலைநாளை ஏற்றது. தொழிலாளர் இரவை மீட்டது தனித்தனி மனவுறுதியினாலன்று, கூட்டு முயற்சியினாலாகும். பணிநேரத்தின் பின்னர் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்சு 2016இற் சட்டமாக்கியதும் இவ்வழிப்பட்டதே.

படுக்கையருகே திறன்பேசியை வையாதிருத்தல் மாணவரின் பொறுப்பாகும். ஆனால் ஒப்படைகளும் அறிவித்தல்களும் நள்ளிரவில் வட்ஸ்அப் வழி வந்துகொண்டிருக்கும்வரை அவ்வறிவுரை பாதியளவே பயன்தரும். விரிவுரையாளரும் மாணவரும் கூடி, இரவில் இன்ன நேரத்தின் பின் எதுவும் அனுப்பப்படாது என வரையறை செய்தல் இயலாத காரியமன்று. விளக்கை அணைக்கும் உரிமையும் வென்றெடுக்கப்பட வேண்டிய ஓர் உரிமையே.