பகிர்வுக் கோப்புறை அணுகல் கட்டுப்பாடு

பகிர்வுக் கோப்புறை அணுகல் கட்டுப்பாடு என்பது, கணினி வலையமைப்பில் பகிரப்பட்ட ஒரு கோப்புறையை யார் திறக்கலாம், யார் படிக்க மட்டும் செய்யலாம், யார் மாற்றவோ நீக்கவோ செய்யலாம் என்பதை வரையறுக்கும் முறை ஆகும். சிறு அலுவலகங்களில் தனி வழங்கி இல்லாமல், பணியாளர் ஒருவரின் கணினியே கோப்புகளைப் பகிரும் கணினியாகவும் அமைவதுண்டு. அனைவருக்கும் திறந்துவிடுவது எளிது என்பதால் இக்கட்டுப்பாடு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

வரலாறு

கோப்புப் பகிர்வுக்குப் பரவலாகப் பயன்படும் எஸ்.எம்.பி நெறிமுறை 1983 இல் ஐ.பி.எம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவரால் உருவாக்கப்பட்டது. 1992 இல் வெளிவந்த விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ், இவ்வசதியைச் சிறு அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்த்தது. இதில் கடவுச்சொல் பயனருக்கு அன்றிக் கோப்புறைக்கே இடப்பட்டது. எனவே ஒருவர் விலகினால், கடவுச்சொல்லை மாற்றி மற்ற அனைவருக்கும் மீண்டும் தெரிவிக்க வேண்டியிருந்தது. 1993 இல் வெளியான விண்டோஸ் என்.டி, என்.டி.எஃப்.எஸ் கோப்பு முறைமையின் மூலம் பயனர்வாரியாக அனுமதி வழங்கும் முறையை அறிமுகப்படுத்தியது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா என்னும் கட்டற்ற மென்பொருள், லினக்ஸ் கணினிகளும் விண்டோஸ் கணினிகளுடன் கோப்புகளைப் பகிர வழிசெய்தது.

இரு நிலை அனுமதிகள்

விண்டோஸ் இயங்குதளத்தில் அனுமதிகள் இரு நிலைகளில் சரிபார்க்கப்படுகின்றன.

* பகிர்வு அனுமதி: வலையமைப்பின் வழியே வருவோருக்கு மட்டும் பொருந்தும். படித்தல், மாற்றுதல், முழுக் கட்டுப்பாடு என மூவகைப்படும்.
* கோப்பு முறைமை அனுமதி: வலையமைப்பின் வழியே வருவோருக்கும், அக்கணினியின் முன் அமர்ந்து நுழைவோருக்கும் பொருந்தும். இது ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக அமைக்கத்தக்கது.

இவ்விரண்டிலும் எது குறைவோ அதுவே வலையமைப்பில் வருபவருக்குக் கிடைக்கும். பகிர்வில் முழுக் கட்டுப்பாடும் கோப்பு முறைமையில் படிக்கும் அனுமதியும் உடையவர் படிக்க மட்டுமே இயலும். எஃப்.ஏ.டி32 முறைமையில் இரண்டாம் நிலை இல்லை.

எடுத்துக்காட்டு

தென்காசி மாவட்டம் குற்றாலத்தில் சூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் காலத்தில் சுற்றுலாப் பயணிகள் பெருமளவில் வருகின்றனர். இக்காலத்துக்கு மட்டும் கூடுதல் ஆட்களை அமர்த்தும் ஒரு தங்கும் விடுதியைக் கருதலாம். அதன் கணினியில் அறைப்பதிவு, கணக்கு, விருந்தினரின் அடையாளச் சான்று நகல்கள் என மூன்று கோப்புறைகள் உள்ளன. மூன்றையும் ஒரே பகிர்வாகத் திறந்துவிட்டால், நான்கு மாதங்கள் மட்டும் பணிபுரிபவரும் முந்தைய ஆண்டுகளில் தங்கியோரின் நகல்களை எடுத்துச் செல்ல இயலும்.

இதனைத் தவிர்க்க, அனுமதியைத் தனிநபருக்கு அளிக்காமல் குழுவுக்கு அளிப்பது நல்ல முறையாகும்.

* வரவேற்புக் குழு: அறைப்பதிவில் மாற்றுதல், ஏனையவற்றில் அனுமதி இல்லை.
* கணக்குக் குழு: கணக்கில் மாற்றுதல், அறைப்பதிவில் படித்தல்.
* மேலாளர் குழு: மூன்றிலும் மாற்றுதல்.

புதியவர் சேரும்போது தனிக் கணக்கு தொடங்கி அவரை உரிய குழுவில் சேர்த்தால் போதும். சாரல் காலம் முடிந்ததும் அக்கணக்கை முடக்க வேண்டும். கணக்குக்கு முன்கூட்டியே முடிவு நாள் குறிக்கவும் முடியும். பணிக்குழு வகை வலையமைப்பில் ஒவ்வொரு கணினியும் தனக்கெனப் பயனர் பட்டியல் வைத்திருப்பதால், முடக்குவதையும் ஒவ்வொன்றிலும் தனித்தனியே செய்தல் வேண்டும்.

பொதுவான தவறுகள்

* 'எவரிவன்' என்னும் குழுவுக்கு முழுக் கட்டுப்பாடு அளித்தல்.
* அனைவரும் ஒரே பயனர் பெயரைப் பயன்படுத்துதல். இதனால் ஒரு கோப்பை நீக்கியவர் யார் என்று அறிய இயலாது.
* பகிர்வுப் பெயரின் இறுதியில் டாலர் குறியிட்டு மறைப்பதையே பாதுகாப்பு எனக் கருதுதல். பெயர் அறிந்தவர் அதனைத் தட்டச்சு செய்து அடைய முயலலாம். அவரைத் தடுப்பது அனுமதி மட்டுமே.

வரம்புகள்

வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்துபவரை அனுமதிகள் தடுக்கா. அதற்கு மறையாக்கம் தேவை. மென்பொருள் குறைபாடுகளும் அனுமதிகளைப் பயனற்றதாக்கலாம். 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை தீநிரல், எஸ்.எம்.பி முதற்பதிப்பின் குறைபாட்டைப் பயன்படுத்திக் கடவுச்சொல் இன்றியே கணினிகளுக்குள் நுழைந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. இந்தியாவில் ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. பொதுவாகப் பணயத் தீநிரல், தான் இயங்கும் பயனருக்கு மாற்றும் அனுமதி உள்ள கோப்புகளையே பூட்டும். ஆகையால் தேவைக்கு மிகாத அனுமதி அளிப்பது இழப்பின் அளவையும் குறைக்கிறது.

சட்டம்

உரியவரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதோ தரவை நகலெடுப்பதோ, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன் 43 ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்கு உரியது. தனிநபர் தரவைக் கையாள்வோர் அதற்குத் தக்க பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்ற கடமையை 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ளது.

இவற்றையும் பார்க்க

* கணினி வலையமைப்பு
* கடவுச்சொல்
* மறையாக்கம்