அடுப்படிப் புகையை அளந்தவர்கள்

செட்டியார்பட்டியில எங்க அம்மாச்சி வீட்டு அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. ஓட்டுக்குக் கீழே சின்னதா ஒரு புகைபோக்கி, அவ்வளவுதான். பருத்திமார் எரிச்ச புகை உத்திரம் பூரா கரியா அப்பியிருக்கும். அவங்க இருமலுக்கு வயசுதான் காரணம்னு நினைச்சிருந்தோம்.

இந்தப் புகையை யாராவது அளந்திருக்கிறார்களா என்று தேடியபோது கிர்க் ஸ்மித் கிடைத்தார். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் மேலேயே காற்றை உறிஞ்சும் சிறு கருவியை மாட்டி அளந்தவர். அதுவரை காற்று மாசு என்றாலே ஆலையும் நகரமும்தான்.

தமிழ்நாட்டில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு (சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி) 4 மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்தது. முடிவுகள் 2002இல் வெளிவந்தன. விறகில் சமைப்பவர் சுவாசித்த நுண்துகள், நாள் சராசரி, கனமீட்டருக்கு 231 மைக்ரோகிராம். கேஸ் மாதிரி சுத்தமான எரிபொருள் உள்ள வீடுகளில் 82. (அதுவும் குறைச்சல் இல்லை!) அடுப்படி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது விறகு எரியும் வீடுகளில்தான் பெரிய வித்தியாசம் காட்டியது. அந்த ஜன்னல் எங்களுக்கு ஒரு நாள் கொத்தனார் வேலை.

2007இல் அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தது. அம்மாச்சி சோறு அதுல பொங்குனாங்க. வெந்நீர் மட்டும் கடைசிவரை பருத்திமார்லதான்.