சோழ மன்னர்கள் வாழ்ந்த மாளிகைகள் எங்கே?

கோடியக்கரையில் குழகர் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அதே கரையில், சோழர் காலத்தது என்று சொல்லப்பட்டுவந்த செங்கல் கலங்கரை விளக்கம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் சரிந்தது. காவிரிப் படுகையில் சோழர் கட்டியவற்றுள் எது மிஞ்சியது, எது மறைந்தது என்பதை இந்த ஒரு கரையிலேயே காணலாம். தஞ்சையில் பெரிய கோயில் நிமிர்ந்து நிற்கிறது. அதைக் கட்டிய முதலாம் இராசராசன் வாழ்ந்த மாளிகையில் ஒரு சுவர்கூட நிற்கவில்லை. இன்று தஞ்சை அரண்மனை என்று காட்டப்படுவது நாயக்கர் தொடங்கி மராட்டியர் விரித்தது.

எகிப்திலும் இதே கதைதான். அங்கே கோயிலுக்கும் கல்லறைக்கும் கல். பாரோ மன்னர் குடியிருக்க வெயிலில் காய்ந்த மண்கல். மூன்றாம் அமென்ஹோதெப் வாழ்ந்த மல்காத்தா அரண்மனை தரைமட்டச் சுவர்களாகவே மிஞ்சியிருக்கிறது.

சங்க காலத்தில் உறையூரும் புகாரும் சோழர் இருக்கைகள். 9ஆம் நூற்றாண்டின் நடுவில் விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றினான். கும்பகோணத்தை அடுத்த பழையாறையும் அரசக் குடும்பம் தங்கிய ஊரானது. காஞ்சியிலும் ஒரு மாளிகை இருந்தது. அங்கே இறந்ததால்தான் சுந்தர சோழன் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ ஆனான். ஆகவே சோழனின் வீடு எது என்று ஒருமையில் கேட்பதே பொருந்தாது. அரசன் ஊர் ஊராகத் தங்கினான். ஆட்சியும் அவனோடு நகர்ந்தது.

தஞ்சை மாளிகையைப் பற்றிய நெருக்கமான சான்று பெரிய கோயில் கல்வெட்டிலேயே உள்ளது. தன் 26ஆம் ஆட்சியாண்டில், அரண்மனைக்குள் இருந்த திருமஞ்சன சாலையில், அதாவது நீராடும் கூடத்தில், தானம் வழங்கியபடி இருந்த இராசராசன், தானும் அக்கனும் (தமக்கையும்) பெண்டுகளும் மற்றவர்களும் கோயிலுக்குக் கொடுத்தவற்றையெல்லாம் விமானத்தில் வெட்டும்படி வாய்மொழியாக ஆணையிட்டான். ஆணை பிறந்த சாலை மண்ணோடு போயிற்று. ஆணை கல்லில் நிற்கிறது. நகரம் உள்ளாலை (உள்நகர்), புறம்படி (புறநகர்) எனப் பிரிந்திருந்ததும், அரண்மனைப் பணியாளர் வாழ்ந்த வேளங்களின் பெயர்களும் இந்தக் கல்வெட்டுகளால்தான் தெரிகின்றன.

முதலாம் இராசேந்திரன் கங்கைப் படையெடுப்புக்குப் பின், சுமார் 1025இல், கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தலைநகரை மாற்றினான். வடக்கே விரிந்த நாட்டை ஆள அது வசதியான இடம் என்பது என் கருத்து. அங்கிருந்த சோழகேரளன் திருமாளிகை கல்வெட்டுகளில் இடம்பெறுகிறது. உட்கோட்டையை ஒட்டிய மாளிகைமேட்டில் 1980களில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது சுட்ட செங்கல் சுவர்கள் வெளிப்பட்டன. கருங்கல் அடித்தளங்களின்மேல் மரத்தூண்கள் நின்றிருக்கின்றன. கூரைக்குச் சிறிய தட்டோடுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் பல அடுக்காகப் பாவியிருக்கிறார்கள். இரும்பு ஆணிகளும் பிடிப்பான்களும் சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன. கடல் கடந்து படை அனுப்பிய பேரரசனும் ஓட்டுக் கூரையின் கீழ்தான் வாழ்ந்தான். அவன் கல்லை இறைவனுக்கென ஒதுக்கினான்.

முடிவு நெருப்பில் வந்தது. 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்து, மாட மாளிகைகளை இடித்து, பழையாறைப் பகுதியின் ஆயிரத்தளி முடிசூட்டு மண்டபத்தில் வீராபிஷேகம் செய்துகொண்டான் என்று அவன் மெய்க்கீர்த்தி பெருமையோடு சொல்கிறது. ஆனால் பழியை முழுவதும் அவன்மேல் ஏற்ற முடியாது. செங்கல்லும் மரமும் பராமரிப்பின்றி நிலைக்காது. விழுந்த மாளிகையின் செங்கல் அடுத்த வீட்டுக்குச் சுவராகும். 1836இல் கீழணை கட்டக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கல்லையே பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

பழையாறைக்கு அருகே சோழன் மாளிகை என்றே ஓர் ஊர் இருக்கிறது. மணப்படையூர், ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர் என்ற நான்கு ஊர்கள் பழைய படைவீடுகளை நினைவூட்டுகின்றன. மாளிகைமேட்டுக்குக் கிடைத்த கவனம் இந்த ஊர்களுக்கும் வேண்டும். வயலும் மனையும் மேடுகளைச் சமன்படுத்தும் முன்பே அது நடக்க வேண்டும்.