மார்கழி இசைக்கு வந்த வழிகள்

மார்கழித் திங்கள் என்றவுடன் தமிழ் நெஞ்சில் எழுவன இரண்டு ஒலிகள். ஒன்று, வைகறையில் திருமால் கோயில்களில் ஒலிக்கும் திருப்பாவை. மற்றொன்று, மாலையில் சென்னைச் சபைகளில் நிகழும் கச்சேரி. முன்னதோடு திருப்பெரும்புதூருக்கு உள்ள உறவு பழமையானது. 1017-இல் அவ்வூரில் தோன்றியவராகக் கொள்ளப்படும் இராமானுசர், திருப்பாவையில் கொண்ட ஈடுபாட்டால் ‘திருப்பாவை சீயர்’ என்று போற்றப்பெற்றார். பின்னதோடு உள்ள உறவோ வழியைப் பொறுத்தது. சென்னைக்கும் அவ்வூருக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஊருக்குள் இருப்புப்பாதை கிடையாது. இசைவிழாவின் வரலாற்றைச் சபைகளின் வரலாறாகவும் வித்துவான்களின் வரலாறாகவும் எழுதுவதே வழக்கம். கேட்போர் வந்து சேர்ந்த வழிகளின் வரலாறாகவும் அதனைக் காணலாம்.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, அதனையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் விளைவாக மியூசிக் அகாதெமி உருவாகி, 1928 ஆகஸ்டு 18-இல் சர் சி.பி. இராமசாமி ஐயரால் தொடங்கிவைக்கப்பெற்றது. ஆக, இன்றைய இசைவிழாவின் வித்து, வெளியூர்களிலிருந்து பலர் திரண்டு வந்ததொரு கூட்டத்தின் நிழலில் விழுந்தது.

அந்நாளைய நகரத்தில் டிராம் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. 1895-இல் தொடங்கிய அவ்வண்டிகள் 1953-இல் நின்றன. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பட்டணத்தின் இசை, தாம்பரம் வரையிலான ஊர்களுக்கு அதனால் அருகில் வந்தது. அதே காலப்பகுதியில் அரியக்குடி இராமானுச ஐயங்கார் வகுத்த கச்சேரி முறை நிலைபெற்றது. நீண்ட விரிவுக்கு மாறாக, பலவகை உருப்படிகளை அளவோடு அமைத்த முறை அது. போக்குவரத்தே அதற்குக் காரணம் என்பது மிகை. ஆயினும், அலுவலக நேரமும் ரயில் நேரமும் வகுத்த நகர வாழ்வுக்கு அம்முறை பொருந்தியது என்பதில் ஐயமில்லை.

1943-இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தின் அரங்கான இராஜா அண்ணாமலை மன்றம் பாரிமுனையை அடுத்து எழுந்தது. டிசம்பர் விழாவில் தமிழ்ப் பாடல்களே முதன்மை பெறும் அவ்வரங்கின் இருப்பிடம் கருதத்தக்கது. காஞ்சிபுரம், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துப் பேருந்துகள் அந்நாளில் பிராட்வே வரை வந்தன. இறங்கியவர் சிறிது தொலைவு நடந்தால் இசை கேட்கலாம். 2002 நவம்பரில் வெளியூர்ப் பேருந்து நிலையம் கோயம்பேட்டுக்கு மாறியபோது அந்த நேர்வழி அறுந்தது. மயிலாப்பூருக்கு 1997-இல் பறக்கும் ரயில் வந்துவிட்டது. ஆனால் மேற்கிலிருந்து வருவோர்க்கு அது கைகொடுக்கவில்லை.

அறுந்த இழையை மெட்ரோ ரயில் ஒருவாறு முடிந்தது. 2015-இல் அதன் முதற்பகுதி கோயம்பேட்டிலிருந்தே ஆலந்தூருக்குத் தொடங்கியது. 2018-இல் தேனாம்பேட்டையையும் அடைந்தது. ஆலந்தூரில் வண்டி மாறினால் சபைகள் செறிந்த பகுதியின் விளிம்பை எட்டலாம். ஒரகடத்தார்க்கு வேறு வழியும் உண்டு. சிங்கப்பெருமாள்கோயில் வரை பேருந்து. அங்கிருந்து மின்ரயிலில் மாம்பலம். தியாகராயநகரின் வாணி மகாலும் கிருஷ்ண கான சபையும் அங்கிருந்து தொலைவில் இல்லை.

இதற்கிடையே, திருப்பெரும்புதூர் வட்டாரமும் மாறிவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பெற்றது. பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் இளைஞர் வந்து குடியேறினர். ஆலைப் பேருந்து அவர்களை அறையிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து அறைக்கும் கொண்டுசெல்கிறது. சபை வாயில் அதன் தடத்தில் இல்லை. மாலைக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கும் வேளையில் ஊர் திரும்பும் பேருந்தைப் பற்றிய கவலையும் தொடங்கிவிடும். இரவுப்பணி முடித்தவர்க்கு நண்பகல் கச்சேரி ஏற்றது. பல சபைகளில் அதற்குக் கட்டணமும் இல்லை. வளரும் கலைஞரை வளரும் ஊரினர் கேட்க அது நல்வாய்ப்பு. உறக்கத்தை விற்று இசையை வாங்க வேண்டியிருப்பதே இடர்.

2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக ஏற்றது. அப்பெருமையில் நகரத்தைத் தன் உழைப்பால் தாங்கும் புறவூர்களுக்கும் பங்கு உண்டன்றோ? இசை தானே இறங்கி வந்த முன்மாதிரியும் உள்ளது. 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா கடற்கரை மீனவர் தெருவில் மேடை அமைத்தது. கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் மயிலாப்பூர் வழியாக இணைக்குமாறு மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் தடம் வகுக்கப்பெற்றது. மேற்றிசை ஊர்கள் மயிலையை நெருங்க அது துணைசெய்யும்.

மறைவாகப் பெற்ற மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் நின்று யாவருக்கும் உரைத்தார் இராமானுசர் என்பது வழிவழி வந்த வரலாறு. அவர் பிறந்த ஊரார், இசையைக் கேட்கக் கடைசிப் பேருந்தின் நேரம் பார்த்து எழ வேண்டியிருக்கிறது. கவியரங்கம் நடத்துவோரும் இதனை எண்ணுதல் தகும். அரங்கின் இடத்தையும் நிகழ்ச்சி முடியும் நேரத்தையும் முடிவுசெய்யும்போதே, யார் கேட்க வேண்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது.