மூடி திறந்த நாள்

ஒரு பண்டம் கெட்டுவிட்டதா என்று அறிய, அது தயாரிக்கப்பட்ட தேதியைப் பார்ப்பது நம் வழக்கம். ஒப்பனைப் பொருள்களுக்கு அந்தத் தேதி மட்டும் போதாது. மூடியைத் திறந்த நாளிலிருந்து அவற்றுக்கு வேறொரு கணக்கு தொடங்குகிறது. சிலருடைய கண்கள் புண்பட்ட பிறகே இக்கணக்கின் அருமை தெரிந்தது. இமைமயிருக்குத் தீட்டும் மஸ்காரா என்னும் மையின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

அமெரிக்காவில் 1917-இல் மேபலின் நிறுவனம் விற்ற மஸ்காரா கட்டியாக இருந்தது. தூரிகையை நனைத்து, கட்டியில் தேய்த்து, இமையில் தீட்டுவார்கள். தண்ணீருக்குப் பதில் எச்சிலைத் தொட்டுக்கொண்டவர்களும் உண்டு. 1950-களின் பிற்பகுதியில் ஹெலினா ரூபின்ஸ்டைன் நிறுவனம் மையைக் குழம்பாக்கிக் குழாயில் அடைத்து, தீட்டுகோலையும் அதனுடன் சேர்த்தே விற்றது. இனி எச்சிலுக்கு வேலையில்லை. சிக்கல் தீர்ந்ததுபோல் தோன்றியது.

ஆனால் அந்தக் கோல் செய்யும் வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அது இமையைத் தொட்டுவிட்டுக் குழாய்க்குள் திரும்புகிறது. இமையோரத்து நுண்ணுயிர்களும் உடன் செல்கின்றன. கோலை மேலும் கீழும் இழுத்துக் குத்தினால், அது பம்பின் உந்துதண்டுபோல் வெளிக்காற்றையும் உள்ளே செலுத்துகிறது. நுண்ணுயிர்கள் பெருகத் தேவையான ஈரமோ அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

அட்லாண்டா நகரில் கண் மருத்துவர் லூயிஸ் வில்சனும் நுண்ணுயிரியல் அறிஞர் டொனால்டு அஹெர்னும் இதனை ஆராய்ந்தனர். கடையிலிருந்து வந்த புதிய பொருள்களைவிட, பயன்படுத்திய பொருள்களிலேயே நுண்ணுயிர்கள் மிகுதியாக இருந்ததை அவர்கள் குழு 1971-இல் வெளியிட்டது. 1977-இல் வந்த கட்டுரை இன்னும் கவலை தந்தது. மாசடைந்த மஸ்காராவிலிருந்து சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா சிலருடைய கண்ணில் புகுந்து, கார்னியா எனப்படும் தெளிபடலத்தில் புண் உண்டாக்கியிருந்தது. நலமான கார்னியாவுக்குள் இது எளிதில் நுழையாது. கோல் பட்டு ஒரு சிறு கீறல் விழுந்தால் போதும், வழி கிடைத்துவிடும். பிறகு ஓரிரு நாள்களிலேயே கார்னியாவை அரித்துவிடவும் கூடும்.

மை கெடாமலிருக்க அதில் வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. நாள்தோறும் புதிய நுண்ணுயிர்கள் புகுந்தால் அவற்றின் ஆற்றலும் ஓரளவுக்குத்தான் தாங்கும். உலர்ந்த மையை இளக்கத் தண்ணீர் விடுவது இரட்டைத் தவறு: காக்கும் பொருள் நீர்த்துப்போகிறது, நீரிலுள்ள நுண்ணுயிர்களும் சேர்கின்றன. ஈரமில்லாத பவுடர்கள் நெடுநாள் தாங்குவதன் காரணமும் இதனால் விளங்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் பிறப்பித்த நெறிமுறை இந்தக் கணக்கைச் சட்டமாக்கியது. முப்பது மாதங்களுக்கு மேல் கெடாத ஒப்பனைப் பொருள்களில், மூடி திறந்த டப்பாவின் படமும், திறந்தபின் பயன்படுத்தத்தக்க மாதங்களின் எண்ணிக்கையும் 2005 முதல் அச்சிடப்படுகின்றன.

மஸ்காராவை மூன்று மாதத்தில் மாற்றிவிடுவது நல்லது என்பது துறை வல்லுநர்கள் கூறும் அறிவுரை. உலர்ந்துவிட்டாலோ, கண்ணில் நோய்த்தொற்று ஏற்பட்டாலோ அதுவரையும் காத்திராமல் எறிந்துவிட வேண்டும். ஒருவர் பயன்படுத்தியதை மற்றவர் தொடக் கூடாது. திறந்த தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் குழாயின்மேல் ஒட்டிவைத்தால், நினைவை நம்பியிருக்க வேண்டியதில்லை.