தண்டவாளம் போன தெரு

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள்.

1988 வாக்கில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போர் பாடம். ஹிட்லர், முசோலினி, ஹிரோஷிமா எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இந்தப் போர் நம்ம தருமபுரிக்கும் வந்துச்சு, தெரியுமா?" என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "நம்ம ஊர்ல இருந்து மொரப்பூருக்கு ஓடின ரயிலோட தண்டவாளத்தைப் போருக்காகப் பிடுங்கிட்டாங்க" என்றேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்தான். "சரி சார், போர் முடிஞ்சப்புறம் ஏன் திருப்பிப் போடலை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "உட்காருடா, பாடத்துல இருக்கிறதைக் கேளு" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் அவனும் ஒருவன். தம்பி, அன்றைக்கு உன்னை உட்கார வைத்தது தப்பு. இது உனக்கான பதில்.

முதலில் எங்கள் தெருவைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே பிறந்தவர்களுக்கு எந்தத் தெரு என்று சொல்லாமலே தெரியும். பெயரை எழுதவில்லை. இப்போது அங்கே வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு என்னால் சங்கடம் வரக்கூடாது. சுற்றியுள்ள தெருக்கள் எல்லாம் வளைந்து நெளிந்து போகும். எங்கள் தெரு மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். சின்ன வயதில் கிணற்றுக்குக் கடைக்கால் தோண்டினால் கருங்கல் ஜல்லி ஜல்லியாக வரும். ஒரு வீட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பழைய தண்டவாளத் துண்டு ஒன்று கிடந்தது. அதன்மேல் அரிவாளைத் தட்டித் தீட்டுவார்கள். அது ஏன் அங்கே வந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்த ரயில் ஏன் வந்தது என்பதில் இருந்து தொடங்க வேண்டும். சென்னையில் இருந்து ஜோலார்பேட்டை, சேலம் வழியாகப் போகும் பெரிய லைன் 1860களின் தொடக்கத்திலேயே போட்டாகிவிட்டது. அது மொரப்பூரைத் தொட்டது; தருமபுரியைத் தொடவில்லை. பிறகு 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். அப்போது நாம் சேலம் மாவட்டத்தில் இருந்தோம். 1871 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881 கணக்கில் 16 லட்சம். பத்து வருடத்தில் கூடவேண்டிய எண்ணிக்கை மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்களும் உண்டு, ஊரை விட்டுப் போனவர்களும் உண்டு. வெளியில் தானியம் இருந்தாலும் உள்ளூருக்குக் கொண்டுவர வழியில்லை. இழுத்து வரவேண்டிய மாடுகளும் பஞ்சத்தில் செத்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் பஞ்சம் வரக்கூடிய பகுதிகளுக்கு உணவு கொண்டுபோக ரயில் பாதை வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கு வந்தது. அப்படிப் பஞ்சப் பாதுகாப்புக்காகப் போட்ட இரண்டு சின்ன லைன்கள் நம் பக்கத்தில் இருந்தன. ஒன்று திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி. இன்னொன்று 1906-இல் திறந்த மொரப்பூர் - தருமபுரி. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இரண்டரை அடிதான். பெரிய லைனில் ஐந்தரை அடி. 1913-இல் நம் லைனை ஓசூர் வரை நீட்டினார்கள்.

ஆக, அந்த ரயில் யாரோ துரை சவாரி போவதற்காக வந்தது இல்லை. நம் ஊரில் மூன்றரை லட்சம் பேர் குறைந்துபோனதற்குப் பிறகு வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் தாத்தா அந்த லைனில் கேங்மேன். ஆணி தளர்ந்திருக்கிறதா, ஜல்லி சரிந்திருக்கிறதா என்று சுத்தியலோடு நடந்து பார்க்கிற வேலை. ரயில் மெதுவாகத்தான் போகுமாம். மேட்டில் ஏறும்போது இளவட்டங்கள் இறங்கி, பக்கத்துக் காட்டில் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி ஓடி ஏறிக்கொள்வார்களாம். இதை ஆயா சொல்லும்போதெல்லாம் தாத்தா, "அதெல்லாம் கட்டுக்கதை" என்பார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். புளியும் கடலையும் மொரப்பூர் போகும். உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் வரும். தெருவில் இருந்த பாதிக் குடும்பங்களுக்கு ஏதோ ஒரு வகையில் அந்த ரயில்தான் சோறு போட்டது.

1939-இல் போர் தொடங்கியது. ஐரோப்பாவில் நடக்கிற சண்டை என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். ஆனால் போருக்கு இரும்பு வேண்டும், எஞ்சின் வேண்டும், பெட்டி வேண்டும். கப்பலில் இங்கிலாந்தில் இருந்து புதிதாக வரவழைக்க முடியாத காலம். வருமானம் குறைவான கிளைப் பாதைகளை இந்தியா முழுக்கத் தேடித்தேடிப் பிடுங்கினார்கள். அப்படிப் பிடுங்கிய தளவாடங்கள் மத்தியக் கிழக்குப் போர்முனைகளுக்குக் கப்பலேறின. 1941-இல் நம் லைனின் முறை வந்தது.

பிடுங்குகிற வேலைக்கு யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? அதைக் காத்துவந்த கேங்மேன்களையே. எங்கள் தாத்தா தினமும் அடித்து இறுக்கிய ஆணியைத் தானே கழற்றினார். "எத்தனை நாளாச்சு தாத்தா?" என்று ஒருமுறை கேட்டேன். "போட எத்தனையோ வருசம். எடுக்க என்னடா, மளமளன்னு எடுத்துட்டோம்" என்றார். அதற்குமேல் பேசவில்லை. தண்டவாளம் எங்கே போனது என்று தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அரேபியாவுக்கு என்பார் ஒருவர். உருக்கிக் குண்டு செய்தார்கள் என்பார் இன்னொருவர்.

அந்த நாளில் இரும்புக்கு மட்டும் பஞ்சம் இல்லை. 1940-இல் வெள்ளி ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1943-இல் செம்பு மிச்சம் பிடிக்கக் காலணாவில் ஓட்டை போட்டார்கள். ஓட்டைக் காலணாவை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு திரிந்த பிள்ளைகள் எங்கள் பெரியப்பா தலைமுறை. காசிலேயே ஓட்டை போட்டவர்கள், பஞ்சப் பாதுகாப்பு ரயிலையா விட்டுவைப்பார்கள்?

கொடுமை என்னவென்றால், தண்டவாளம் போன சில மாதங்களிலேயே ரயில் மிகவும் தேவைப்பட்டது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5 கொழும்பு, மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மதராஸ்தான் என்று பட்டணமே காலியானது. உள்நாட்டில் சொந்தம் இருந்தவர்கள் எல்லாம் பெட்டி படுக்கையோடு ரயிலேறினார்கள்.

எங்கள் தெருவுக்கும் அப்படி ஒரு குடும்பம் வந்தது. பட்டணத்தில் கிளார்க் வேலை பார்த்தவர், மனைவி, மூன்று குழந்தைகள். மொரப்பூரில் இறங்கியதும் "தருமபுரி வண்டி எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். "எந்த வண்டி?" என்று சிரித்தாராம் போர்ட்டர். சுமார் 30 கிலோமீட்டர். மாட்டு வண்டி பிடித்து, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, விடியற்காலை வந்து சேர்ந்தார்கள். சின்னக் குழந்தைக்கு வழியிலேயே காய்ச்சல். ஆயாதான் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி ஊற்றினார். அந்த அம்மா ஆறு மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் இருந்தார். கடைசி வரைக்கும் ஆயாவை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

அடுத்து வந்தவர் ரங்கூனில் இருந்து வந்த பாட்டி. 1931 கணக்குப்படி ரங்கூனில் பாதிப்பேருக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே வந்தார்கள். பல லட்சம் பேர் நடந்தார்கள், பல ஆயிரம் பேர் வழியிலேயே விழுந்தார்கள். இந்தப் பாட்டி கணவரோடு புறப்பட்டுத் தனியாக வந்து சேர்ந்தவர். எங்கே, எப்படி என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எங்களுக்கு முறுக்கு சுட்டுத் தருவார். யாராவது "நடந்து நடந்து கால் வலிக்குது பாட்டி" என்றால் மட்டும், எழுந்து உள்ளே போய்விடுவார். ஏன் என்று எனக்குப் புரிய நாற்பது வயதானது.

பர்மா அரிசி நின்றுபோனது. விலை ஏறியது, பிறகு ரேஷன் வந்தது. நம் பக்கம் களி தின்கிற பூமி என்பதால் கேழ்வரகு கைகொடுத்தது என்பார் ஆயா. பெட்ரோலுக்கும் அளவு வந்ததால் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டி, கரி போட்டு ஊதி, மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். வண்டி மாடு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அந்த நாளில் நல்ல காலம்.

தாத்தாவைப் பெரிய லைனில் ஒரு கேங்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஆயா நான்கு பிள்ளைகளோடு தெருவிலேயே இருந்தார். தாத்தா மாதம் ஒருமுறை, பழைய பாதை வழியாகவே நடந்து வீட்டுக்கு வருவார். தண்டவாளம் இல்லாத ஜல்லி மேட்டில் நடந்து நடந்து அது ஒற்றையடிப் பாதையானது. பிறகு வண்டிப் பாதை. பிறகு தெரு. எங்கள் தெரு அப்படித்தான் நீண்டது.

இப்போது, தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். போர் முடிந்த பிறகு ஏன் திருப்பிப் போடவில்லை?

மற்ற ஊர்களில் போட்டார்கள் என்பதைத்தான் நான் பிறகு தெரிந்துகொண்டேன். மதுரை - போடிநாயக்கனூர் பாதையைப் போர்க்காலத்தில் பிடுங்கினார்கள். 1950களில் மறுபடி போட்டார்கள். கேரளத்தில் ஷொர்ணூர் - நிலம்பூர் பாதையையும் 1941-இல் பிடுங்கினார்கள். அதுவும் 1950களில் திரும்பி வந்தது. இரண்டரை அடிப் பாதை பழசாகிவிட்டது, அதனால்தான் விட்டுவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கு ரயிலும் அதே இரண்டரை அடிதான். அதில் நக்ரோட்டா முதல் ஜோகிந்தர்நகர் வரை 1942-இல் பிடுங்கியதை 1954-இல் திருப்பிப் போட்டார்கள்.

போடியில் ஏலக்காய் இருந்தது. நிலம்பூரில் தேக்கு இருந்தது. நம்மிடம் புளியும் கேழ்வரகும்தான். அதைவிட முக்கியம், கேட்பதற்கு ஆள் இல்லை. தருமபுரி தனி மாவட்டமானதே 1965 அக்டோபர் 2-இல்தான். அதுவரை பெரிய சேலம் மாவட்டத்தின் ஒரு ஓரம். லாரியும் பஸ்ஸும் வந்துவிட்டன, காரியம் நடக்கிறது என்று எல்லோரும் பழகிவிட்டோம். இதுதான் எனக்குத் தோன்றும் பதில். எடுத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். திருப்பிக் கேட்காதவர்கள் நாம்.

1960களின் இறுதியில் சேலம் - பெங்களூர் மீட்டர் கேஜ் பாதை தருமபுரி வழியாக வந்தது. ஊரே பார்க்கப் போனது. தாத்தாவையும் கைபிடித்துக் கூட்டிப்போனோம். குனிந்து தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல இரும்பு" என்றார். பிறகு, "மொரப்பூருக்கு எப்பப் போடறாங்களாம்?" என்று கேட்டார். அடுத்த வருடம் போய்விட்டார்.

மொரப்பூருக்குப் புதிய அகலப் பாதை, 36 கிலோமீட்டர். அதற்கு அடிக்கல் நாட்டியது 2019 மார்ச்சில். பிடுங்கி 78 வருடம் கழித்து. அதன்பிறகும் நிலமெடுப்பு இழுத்துக்கொண்டே போனது. பாதை வீடுகள் வழியாக வருகிறது, மாற்றுங்கள் என்று மனு கொடுத்தவர்கள் உண்டு. நம் சொந்தத்திலேயே இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். ரயில் வேண்டும் என்பவர்களை எனக்குப் புரிகிறது. நானும் சென்னை போக மொரப்பூர் வரை பஸ்ஸில் போய்க் காத்துக் கிடந்தவன்தான். பென்ஷன் பணத்தில் கட்டிய வீடு போய்விடுமே என்று பயப்படுபவர்களையும் புரிகிறது. ஒன்று மட்டும் சொல்வேன். 1941-இல் எடுத்ததை 1950களிலேயே திருப்பிக் கொடுத்திருந்தால், அந்த நிலத்தில் அன்றைக்கு ஒரு வீடும் இல்லை. தாமதத்தின் விலையைத்தான் இன்றைக்கு அண்ணன் தம்பிகள் ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அதனால் குடும்ப விசேஷங்களில் இதை வைத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

போன மாதம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். அரிவாள் தீட்டிய தண்டவாளத் துண்டைத் தேடினேன். வீடு இடித்துக் கட்டும்போது பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்களாம்.

உங்கள் வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதில் யாராவது இருந்தால், அந்த ரயிலைப் பற்றி, கரி பஸ்ஸைப் பற்றி, யார் யார் அந்தச் சமயத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பற்றி, இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள். கீழே எழுதுங்கள். பழைய போட்டோ இருந்தால் போடுங்கள்.

கடைசி வரிசைத் தம்பி, நீயும் எழுது. இந்த முறை நின்றுகொண்டே கேள், உட்காரச் சொல்லமாட்டேன்.